சுமை இறக்கும் மருந்து

(திருகோணமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் சொன்ன சில கிளைச்செய்திகளைக் குறைத்திருக்கிறேன்.)



இருதய நோய் பற்றிப் பேசும்படி அழைப்பில் எழுதியிருந்தீர்கள். ஒரு மாலைக்குள் அடங்காத பொருள் அது. ஆகவே ஒரேயொரு குளிசையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நெஞ்சு நோகும்போது நாக்குக்குக் கீழ் வைக்கிற குளிசை. கிளினிக் கொப்பியில் ஜி.டி.என். என்று எழுதுவார்கள், முழுப்பெயர் கிளிசரில் ட்ரைநைட்ரேட். குருதிக்குழாய்களை விரிக்கும் மருந்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று, இன்றும் உலகம் முழுவதும் பயன்படுவது.

இது என்ன செய்கிறது என்று நோயாளரைக் கேட்டால், கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் ஒரே பதில்தான் வரும்: "அடைப்பை எடுத்துவிடும்." அந்த நம்பிக்கைதான் இன்று என் கவலை. குளிசை வைத்ததும் நோ குறைகிறது. நோ குறைந்தால் அடைப்பும் போய்விட்டது என்று வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள். விடிந்து வைத்தியசாலைக்கு வரும்போது இதயத் தசையில் ஒரு பகுதி இறந்துபோயிருக்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான். குருதிக்குழாயை விரிக்கும் மருந்து அடைப்பை நீக்குவதில்லை. இதயத்தின் சுமையை இறக்குகிறது. சுமை இறங்கியதால் கிடைக்கும் நேரத்துக்குள் நோயின் காரணத்தைத் தேடிப்போகாவிட்டால், அந்த நேரம் வீணாகிவிடும். இந்த மாவட்டத்தில் நேரம் என்பது தூரமும்தான். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, நெஞ்சு நோவோடு வந்தவரும் படகுப்பாதைக்குக் காத்திருந்தே நகரப்பக்கம் வந்தார். பாலம் வந்தபிறகும், வெருகலிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் வருகிறவருக்கு வழி நீண்டதுதான்.

1. தொடக்கத்தில் இருந்த எண்ணம்

இது புதிய கருத்து அல்ல. இந்த மருந்துகள் வைத்தியத்துக்குள் வந்ததே சுமை பற்றிய எண்ணத்தால்தான்.

1867இல் எடின்பரோ நகரின் றோயல் இன்ஃபேர்மரியில் தோமஸ் லோடர் பிரண்டன் என்ற இளம் வைத்தியர் பணியாற்றினார். இரவில் நெஞ்சு நோவால் துடித்த ஒரு நோயாளரை அவர் கவனித்துவந்தார். அன்று கையிலிருந்த எதுவும் பயன் தரவில்லை. சிறிதளவு குருதியை வெளியே எடுத்தால் மட்டும் நோ தணிந்தது. குருதி குறைந்ததால் அமுக்கம் குறைந்தது. அமுக்கம் குறைந்ததால் நோ தணிந்தது என்று பிரண்டன் ஊகித்தார். அப்படியானால் குருதி எடுக்காமலே அமுக்கத்தைக் குறைக்கும் பொருள் எது? அமைல் நைட்ரைட் அப்படிச் செய்வதை ஏற்கெனவே சிலர் கண்டிருந்தார்கள். சில துளிகளைத் துணியில் விட்டு முகரக் கொடுத்தார். முகம் சிவந்தது. ஒரு நிமிடத்துக்குள் நோ மறைந்தது. தான் கண்டதை அதே ஆண்டு லான்செட் இதழில் எழுதினார்.

அமைல் நைட்ரைட்டின் பலன் சில நிமிடமே நின்றது. நின்று பலன் தரும் பொருளை 1879இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் முரல் அறிமுகப்படுத்தினார். அதுதான் நைட்ரோகிளிசரின், இன்றைய ஜி.டி.என். இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சோப்ரேரோ 1847இல் உருவாக்கிய வெடிபொருள் அது. அதிலிருந்து 1867இல் அல்பிரட் நோபல் டைனமைட் செய்தார். முரல் அதை முதலில் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தார். நாடித் துடிப்பு உடம்பு முழுவதும் இடித்தது, தலை வலித்தது. அதன் பிறகுதான் நோயாளருக்குக் கொடுத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த எண்ணம் திசை மாறியது. இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளை இந்த மருந்து விரிக்கிறது, அதனாலேயே நோ தீர்கிறது என்று பாடநூல்களும் எழுதின. சுண்ணாம்பும் கொழுப்பும் படிந்து இறுகிப்போன நாடி எப்படி விரியும் என்ற கேள்வி மட்டும் பலரை உறுத்திக்கொண்டிருந்தது.

1972இல் வில்லியம் கான்ஸும் மார்கஸும் ஒரு சோதனை செய்தார்கள். இதயத் துடிப்பைச் செயற்கையாக வேகப்படுத்தி நெஞ்சு நோவை வரவழைத்து, நைட்ரோகிளிசரினை நேரே முடியுரு நாடிக்குள் செலுத்தினார்கள். நோ தீரவில்லை. அதே மருந்தை நாளத்தின் வழியாக உடல் முழுவதும் போகவிட்டபோது தீர்ந்தது. என் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் விளக்கும் சோதனை இது. மருந்து இதயத்தின் வாசலிலேயே போய் நின்றும் பயன் தரவில்லை. கால்களிலும் வயிற்றிலும் உள்ள குழாய்களைத் தொட்டபோதுதான் இதயம் ஆறியது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு முடியுரு நாடி அடைபடாமல், திடீரென்று இறுகிச் சுருங்கும். 1959இல் பிரின்ஸ்மெட்டல் விவரித்த அந்த வகை நோவில் மருந்து நேரே அந்த நாடியையே தளர்த்தி உதவுகிறது. நம்மவர் பெரும்பாலோரின் நோய் அந்த வகை அல்ல.

2. கால்களில் தங்கும் குருதி

உடலிலுள்ள குருதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் நாளங்களில் இருக்கிறது. நாளத்தின் சுவர் மெல்லியது. சிறிது தளர்ந்தாலும் நிறையக் கொள்ளும். ஜி.டி.என். சிறிய அளவில் முதலில் தளர்த்துவது நாளங்களைத்தான். கால்களிலும் வயிற்றிலும் குருதி தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. இதயத்தின் அறை கொஞ்சம் சுருங்குகிறது. தசைக்கு வேண்டிய ஒட்சிசன் குறைகிறது. இதை முன்சுமை குறைதல் என்கிறோம். நாடிகள் தளர்ந்தால் இதயம் எதிர்த்துத் தள்ளவேண்டிய அமுக்கம் குறையும், அது பின்சுமை. நிலாவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் நீர் இறைக்கிற மோட்டார் திணறினால், ஒன்றில் உள்ளே வரும் நீரைக் குறைக்கலாம், அல்லது வெளியே போகும் குழாயின் முனையை அகலமாக்கலாம். இந்த மருந்துகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றை, அல்லது இரண்டையும் செய்கின்றன.

குழாய்ச்சுவர் எப்படித் தளர்கிறது என்பது நூறு ஆண்டுக்கு மேல் தெரியாமலே இருந்தது. குழாயின் உட்படலமே சுவரைத் தளர்த்தும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1980இல் நியூயோர்க்கில் றொபர்ட் ஃபர்ச்கொட் காட்டினார். அது நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு. நைட்ரோகிளிசரின் உடலுக்குள் போய் அதே வாயுவைத் தருகிறது என்பதை ஃபெரிட் முராட் முன்பே கண்டிருந்தார். இவர்களுக்கும் லூயி இக்னாரோவுக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரிசை நிறுவிய அல்பிரட் நோபலுக்கே அவருடைய கடைசிக் காலத்தில் இதய நோவுக்கு நைட்ரோகிளிசரின் எழுதிக்கொடுத்தார்கள். தன் வெடிபொருளையே தனக்கு மருந்தாகத் தருகிறார்களே என்ற வியப்பை அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1896 டிசம்பரில் காலமானார்.

வீட்டில் உங்களுக்கு வேண்டிய செய்திகள் இதிலிருந்தே வருகின்றன. குருதி கால்களுக்கு இறங்கும் என்றால், நின்றபடி குளிசை வைப்பவருக்குத் தலை சுற்றும், விழுவார். வள்ளத்தில் நின்றபடி வைத்தால் கடலுக்குள்தான் விழுவார். உட்கார்ந்து வையுங்கள். விழுங்கினால் குடலிலிருந்து ஈரலுக்குப் போய் அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கின் கீழ் வைத்தால் ஈரலைத் தாண்டி நேரே குருதியில் கலக்கும். நாக்கின் கீழ் வைக்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான். வேறு சடங்கு எதுவும் இல்லை.

இந்தக் குளிசை ஆவியாகும் தன்மை கொண்டது. 25 பாகை செல்சியசுக்கு மேலே சூடு கூடாது. இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில், உள்ளே பஞ்சு வைக்காமல் இருக்கவேண்டும். பஞ்சும் பிளாஸ்டிக்கும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். திறந்து எட்டு வாரமானால் மீதியை எறிந்துவிடவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வெயிலில், கடதாசியில் சுற்றிச் சாரத்து மடியில் மாதக்கணக்கில் கிடந்த குளிசையில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நோ வந்த நேரத்தில் வெறும் மாவை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் அந்த மனிதர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. மருந்து வாங்கப் பணம் செலவாகியிருக்கிறது, அரசு இறக்குமதி செய்திருக்கிறது, மருந்தாளர் எண்ணிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடிப் போத்தல் ஒன்று இல்லாததால் எல்லாமே பயனற்றுப் போகிறது.

இன்னொன்றை டைனமைட் தொழிற்சாலைத் தொழிலாளர் நமக்குக் கற்றுத் தந்தார்கள். வாரம் முழுவதும் நைட்ரோகிளிசரின் ஆவியில் வேலை செய்தவர்களுக்கு ஓரிரு நாளில் தலைவலி நின்றுவிடும். ஞாயிறு ஓய்ந்து திங்கள் திரும்பினால் மறுபடி வலிக்கும். உடல் அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. இடைவெளி விட்டால் பழக்கம் நீங்குகிறது. அவர்களில் சிலருக்கு, ஓய்வு நாளின் முடிவில், மருந்து விட்டுப்போன வேளையில், இதய நோவும் திடீர் மரணமும் நேர்ந்தன. ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட் என்ற நீண்டநேரக் குளிசையைக் காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கும் போடச் சொல்வதன் காரணம் இது. இரவில் மருந்தில்லாத இடைவெளி வேண்டும். "காலையும் இரவும் என்று ஒழுங்காகப் பிரித்துப் போடுகிறேன்" என்று சொல்லும் நோயாளர், பாவம், நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனால் மருந்தை வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடுகிறார். நேரத்தின் காரணத்தை அவருக்கு விளக்கிச் சொல்லாதது நம் குறை.

3. தேள் கற்பித்தது

என் கருத்துக்கு மிகத் தெளிவான சான்று இதய நோயிலிருந்து வரவில்லை, தேள்கடியிலிருந்து வந்தது.

இந்தியச் செந்தேள் ஹொட்டென்டொட்டா டாமுலஸ். கொங்கணக் கரையிலும் தமிழகம், புதுச்சேரிப் பகுதிகளிலும் உண்டு. நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உண்டு. அதன் நஞ்சு நரம்பு நுனிகளிலுள்ள சோடியக் கால்வாய்களைத் திறந்தபடியே வைத்துவிடும். அட்ரினலினும் நொரட்ரினலினும் வெள்ளமாகக் கொட்டும். உடம்பின் குருதிக்குழாய்கள் எல்லாம் ஒரேயடியாக இறுகும். கை கால் சில்லிடும், வியர்வை பெருகும். இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ள முடியாமல் இதயம் தளரும். நுரையீரலில் நீர் தேங்கி, வாயில் நுரை வரும். இறந்தவர்களில் பலர் குழந்தைகள்.

1976இல் மகாராட்டிரத்தின் மஹாட் பகுதியில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற இளம் அரசாங்க வைத்தியர் பணியில் சேர்ந்தார். கடிபட்டவர்கள் நுரையீரலில் நீர் தேங்கி இறப்பதைக் கட்டிலருகே உட்கார்ந்து கவனித்து எழுதினார். இங்கே நிகழ்வது இதயத்தின் சுமை தாங்கமுடியாமல் ஏறுவதுதான் என்று கண்டார். முதலில் சோடியம் நைட்ரோபுரூசைட் என்ற விரிப்பு மருந்தை நாளத்தில் ஏற்றினார். அது கணத்துக்குக் கணம் கண்காணிக்கவேண்டிய மருந்து. கிராமத்து வைத்தியசாலைக்கு ஒத்துவராது. பிறகு பிராசோசின் என்ற சாதாரணக் குளிசையை எடுத்தார். குழாய்ச்சுவரை நொரட்ரினலின் இறுக்கும் வாயிலை அது அடைக்கிறது. வாயால் கொடுக்கலாம், விலை மிகக் குறைவு. அவரும் அவருடைய துணைவியார் பிரமோதினி பாவஸ்கரும் பெற்ற அனுபவம் 1986இல் லான்செட்டில் வந்தது. கடும் நஞ்சேறியவர்களில் நூற்றுக்கு நாற்பது வரை இருந்த இறப்பு, நூற்றுக்கு ஒன்று அளவுக்கு இறங்கியது. 2022இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ வழங்கியது.

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு வந்த செந்தேள் நோயாளர் பற்றிய ஆய்வு 2015இல் டாக்சிகான் என்ற அனைத்துலக இதழில் வெளியானது. அங்கும் வைத்தியர்கள் பிராசோசின் கொடுத்திருக்கிறார்கள். மஹாட்டில் ஒரு கிராமத்து வைத்தியர் கண்ட வழி பாக்குநீரிணையைத் தாண்டி நம் குழந்தைகளுக்கும் வந்துசேர்ந்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இங்கேயும் என் கருத்தைச் சோதித்துப் பாருங்கள். பிராசோசின் நஞ்சை அழிக்கவில்லை. நஞ்சு உடம்பிலேயே இருக்கிறது. அது ஏற்றிய சுமையை மட்டும் மருந்து இறக்குகிறது. ஆகவே நச்சுமுறிவு ஊசியும் சேர்ந்தால் என்ன என்று பாவஸ்கர் தம்பதியரே கேட்டார்கள். 70 நோயாளரை இரு பிரிவாக்கிச் செய்த சோதனை 2011இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. பிராசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் பத்து மணி நேரத்துக்குள் முழுமையாகத் தேறியவர்கள் 8 பேர். முறிவு ஊசியும் சேர்த்துப் பெற்ற 35 பேரில் 32 பேர். குளிசை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. காரணத்தை நீக்குவது வேறு மருந்து. மாரடைப்பிலும் இதே கணக்குத்தான். ஜி.டி.என். சுமையை இறக்கும். கட்டிபட்ட குருதியைக் கரைப்பதற்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டெப்ளேஸ் ஊசி வேண்டும். வாய்ப்புள்ள இடத்தில் குழாய் செலுத்தி நாடியைத் திறக்கவேண்டும். கரைப்பு ஊசியைப் பன்னிரண்டு மணி நேரம்வரை கொடுக்கலாம் என்றாலும், முதல் ஓரிரு மணிக்குள் கொடுத்தால் காப்பாற்றும் தசை எவ்வளவோ அதிகம்.

4. சட்டென்று இறக்கினால்

சுமையை இறக்குவது நல்லது என்றால், வேகமாக இறக்குவது இன்னும் நல்லதல்லவா என்று ஒரு காலத்தில் உலகமே நினைத்தது. நிஃபெடிபின் என்ற விரிப்பு மருந்தின் கப்சூலைக் கடித்து நாக்கின் கீழ் விடுவது 1980களில் பெருவழக்காயிற்று. குருதி அமுக்கம் நிமிடங்களில் இறங்கியது. கூடவே பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. நெடுங்காலம் உயர் அமுக்கத்துக்குப் பழகிய மூளை, திடீர் வீழ்ச்சியில் குருதியின்றி வாடும். இந்தப் பழக்கத்தை நிறுத்தவேண்டும் என்று 1996இல் கிராஸ்மனும் மெசர்லியும் அவர்களுடைய குழுவினரும் ஜாமா இதழில் எழுதினார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு இன்றும் நிஃபெடிபின் கொடுக்கிறோம். விழுங்கும் குளிசையாக, அமுக்கத்தை அடிக்கடி அளந்தபடி. "பிரஷர் ஏறிவிட்டது, உடனே இறக்குங்கள்" என்று வைத்தியரை வற்புறுத்தும் உறவினருக்காக இதைச் சொல்கிறேன்.

கூச்சத்தால் பேசாத ஒன்றையும் பேசவேண்டும். சில்டெனாஃபில் என்ற ஆண்மைக்குறைவு மருந்து முதலில் இதய நோவுக்காகவே சோதிக்கப்பட்டது. அதுவும் நைட்ரிக் ஒக்சைட் வழியிலேயே வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் அமுக்கம் பாதாளத்துக்கு இறங்கும். சில்டெனாஃபில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்கும், டடலாஃபில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்கும் ஜி.டி.என். வைக்கக்கூடாது. கேட்கும் வைத்தியர் தனியே கேட்கவேண்டும். சொல்லும் நோயாளர் மறைக்கக்கூடாது.

கால் நாடி அடைபட்டவர்கள் பற்றி ஒரு வார்த்தை மட்டும். பீடியும் சுருட்டும் பிடித்து விரல் கறுத்தவர்கள் குருதியோட்டக் குளிசை கேட்டு வருகிறார்கள். அதைப் போட்டால் நல்ல குழாய்கள் விரிந்து குருதியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். அடைபட்ட பக்கம் இன்னும் காயும். அந்தக் காலைக் காப்பாற்ற முதலில் புகையை விடவேண்டும்.

5. பெயரும் போத்தலும்

மருந்தியல் பற்றி இலங்கையில் பேசிவிட்டு, பேராசிரியர் சேனக பிபிலேயின் பெயரைச் சொல்லாமல் இறங்க என்னால் முடியாது. அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையிலிருந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இறக்குமதி மருந்துகளை ஏறத்தாழ அறுநூறாகக் குறைத்தார்கள். வணிகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் எழுத வைத்தார்கள். 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முறை வெளியிட்டது; அதே ஆண்டு செப்டம்பரில், ஐக்கிய நாடுகள் பணியில் கயானாவில் இருந்தபோது பிபிலே காலமானார்.

இன்று நான் பேசிய விரிப்பு மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் முடிந்த மலிவு மருந்துகள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக்கொடுத்த நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தத் துண்டில் சொந்தப் பெயர் இருந்தால் கடையில் எது மலிவோ அதை வாங்கலாம். பெயர் தெரியாதவர் கேட்ட விலையைக் கொடுத்தார், அல்லது வாங்காமல் திரும்பினார். உங்கள் குளிசையின் சொந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

இந்த அவையில் சுகாதாரத் திணைக்களத்தினரும் மருந்தகம் நடத்துவோரும் இருக்கிறீர்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும் சிறிய வைத்தியசாலைகளிலும் ஜி.டி.என். குளிசையைக் கண்ணாடிப் போத்தலில் மட்டும் கொடுக்க வழி செய்யுங்கள். திறந்த தேதியை எழுத ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். மீன்பிடிச் சங்கங்கள் பலநாள் படகுகளில் போகும் இதய நோயாளரின் பெயரையும், அவர் போத்தல் இருக்கும் இடத்தையும் படகோட்டிக்குத் தெரியப்படுத்தட்டும்.

போத்தலின் மறுபக்கம், தமிழிலும் சிங்களத்திலும், பெரிய எழுத்தில் இவ்வளவு இருந்தால் போதும்: உட்கார்ந்து ஒரு குளிசை நாக்கின் கீழ் வைக்கவும். ஐந்து நிமிடத்தில் நோ முற்றாக நீங்காவிட்டால் 1990ஐ அழைக்கவும். நீங்கினாலும், இது முதல் தடவை என்றால், அல்லது வழமையைவிடக் கடுமையாகவோ ஓய்ந்திருக்கும்போதோ வந்ததென்றால், அன்றே வைத்தியசாலைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுக்கவும்.